இங்கிலாந்துக்குக் கூட்டணி பிடிக்காதா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். ஒரு கட்சி ஆளும், இன்னொன்று எதிரே உட்காரும், அதுதானே அங்கே வழக்கம்? 2010-இல் கன்சர்வேடிவ் கட்சியின் கேமரூனும் லிபரல் டெமாக்ரட் கட்சியின் கிளெக்கும் சேர்ந்து ஆட்சி அமைத்தது ஏதோ விபத்து போலத் தெரிகிறது. “இங்கிலாந்து கூட்டணிகளை நேசிப்பதில்லை” என்று டிஸ்ரேலியே சொல்லியிருக்கிறாரே?

க., திருச்சி

அன்புள்ள க.,

டிஸ்ரேலி சொன்னது உண்மைதான். எப்போது சொன்னார் என்று பாருங்கள். 1852 டிசம்பர் 16 இரவு. அவர் நிதியமைச்சர். எதிரே இருக்கும் கோஷ்டிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து தன் பட்ஜெட்டைக் கவிழ்க்கப்போவது அவருக்குத் தெரியும். விடிவதற்குள் 286-க்கு 305 என்று தோற்றார், ஆட்சியும் போனது. அடுத்து வந்தது அபர்டீன் பிரபுவின் கூட்டணி அரசு. பதவி பறிபோகிற நேரத்து வயிற்றெரிச்சலை நாம் அரசியல் விதியாக மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

கணக்குப் பார்த்தாலும் ‘விபத்து’ என்பது நிற்காது. 1915 மே முதல் 1945 மே வரை முப்பது வருடங்கள். அதில் இருபத்தொரு வருடங்களுக்கு பிரிட்டனை ஆண்டவை, பெயரளவிலாவது, கூட்டணி அரசுகள். ஒன்று மட்டும் உண்மை, அங்கே இவை பெரும்பாலும் போரிலோ பண நெருக்கடியிலோ பிறந்தவை. தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் நேரடியாகப் பிறந்தது, கடந்த நூறு வருடங்களில், 2010 மட்டும்தான்.

எனக்கு இதில் சுவாரசியமான கேள்வி வேறு. கூட்டணி முடிந்து வீட்டுக்குப் போகும்போது யார் கையில் என்ன மிஞ்சுகிறது?

லிபரல் கட்சியின் லாயிட் ஜார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1916 டிசம்பரில், சொந்தக் கட்சித் தலைவர் அஸ்குவித்தை ஓரங்கட்டிவிட்டு, கன்சர்வேடிவ்களின் தயவில் பிரதமரானார். லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1918 தேர்தலில் கூட்டணியின் அங்கீகாரம் பெற்ற வேட்பாளர்களுக்கு அவரும் கன்சர்வேடிவ் தலைவர் போனர் லாவும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் தொகுதிப் பங்கீடு. போர்க்கால ரேஷனை மனதில் வைத்து அஸ்குவித் அதைக் ‘கூப்பன்’ என்று கேலி செய்தார். கேலி செய்தவர் அந்தத் தேர்தலில் தன் தொகுதியிலேயே தோற்றார்.

முடிவு வந்தது 1922 அக்டோபர் 19 அன்று, லண்டன் கார்ல்டன் கிளப்பில். கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் கூடியிருந்தார்கள். கூட்டணியை எதிர்த்து நின்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் நியூபோர்ட் இடைத்தேர்தலில் ஜெயித்த செய்தி அன்று விடிகாலையில்தான் வந்திருந்தது. கூட்டணி தொடரட்டும் என்றார் அவர்கள் தலைவர் ஆஸ்டின் சேம்பர்லின். ஸ்டான்லி பால்ட்வின் எழுந்தார். லாயிட் ஜார்ஜை ஒரு பெரும் விசை என்கிறார்கள், அது பயங்கரமான விஷயம், அவருடைய கட்சியை உடைத்த அதே விசை நம் கட்சியையும் உடைத்துவிடும் என்றார். அவ்வளவுதான். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கூட்டணிக்கு எதிராக வாக்கு விழுந்தது. அன்று மாலைக்குள் லாயிட் ஜார்ஜ் ராஜினாமா. அதன்பிறகு அவர் எந்தப் பதவியிலும் உட்காரவில்லை, லிபரல்கள் தலைமையில் ஓர் அரசும் அமையவில்லை.

1931-இல் தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு கதையும் இதே வார்ப்புதான். வேலையில்லாதோர் உதவித்தொகையை வெட்டுவதா என்பதில் தொழிற்கட்சி அமைச்சரவை உடைந்தது. ராஜினாமா செய்ய அரண்மனைக்குப் போனவர், கன்சர்வேடிவ்களும் சேர்ந்த ‘தேசிய அரசு’ ஒன்றின் பிரதமராகத் திரும்பி வந்தார். கட்சி அவரை வெளியேற்றியது. 1929-இல் 287 இடங்கள் வைத்திருந்த தொழிற்கட்சி அடுத்து வந்த தேர்தலில் 52-க்கு இறங்கியது. அவர் பிரதமராகத்தான் இருந்தார், ஆனால் வீடு கன்சர்வேடிவ்களுடையது.

சரி, 2010-க்கு வருவோம். கன்சர்வேடிவ் 306, லிபரல் டெமாக்ரட் 57, தேவை 326. பிரதமர் இல்லத் தோட்டத்தில் இருவரும் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி நின்று பேட்டி கொடுத்தார்கள். உங்களுக்குப் பிடித்த ஜோக் எது என்று முன்பு கேட்டதற்கு ‘நிக் கிளெக்’ என்றீர்களே என்று ஒரு நிருபர் கேமரூனுக்கு நினைவூட்டினார். கிளெக் கிளம்பிப் போவதுபோல் பாவனை செய்ய, கேமரூன் கூப்பிட, ஒரே சிரிப்பு. அதே வருடம் டிசம்பரில், கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கிளெக் கட்சியின் அமைச்சர்களே உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்த வாக்களித்தார்கள். 2015-இல் 57 என்பது 8 ஆனது. இழந்த 49-இல் 27 இடங்களைப் பிடித்தது கூடவே ஆண்ட கன்சர்வேடிவ் கட்சி! சேர்ந்து ஆளலாம், ஆனால் தொகுதியில் தனித்தனியாகத்தான் நிற்க வேண்டும்; ஒரு வாக்கு கூடினாலும் ஜெயிப்பு என்ற முறையில் சின்னவர் நசுங்கத்தான் செய்வார். 2017-இல் தெரசா மே பெரும்பான்மை இழந்தபோது வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி தன் பத்து எம்.பி.க்களோடு வெளியிலிருந்து ஆதரவு தந்ததே தவிர, அமைச்சரவைக்குள் போகவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1940-இல் சர்ச்சிலோடு சேர்ந்த அட்லியின் தொழிற்கட்சி. பெவின் தொழிலாளர் துறையையும் மாரிசன் உள்துறையையும் நடத்தினார்கள். இவர்களால் நாட்டை ஆள முடியும் என்று ஜனங்கள் ஐந்து வருடம் கண்ணால் பார்த்தார்கள். 1945-இல் 393 இடங்கள்.

அந்தக் கூட்டணிக் காலத்தில்தான், 1941 மே மாதம், நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையின் மண்டபம் குண்டுவீச்சில் அழிந்தது. 1943-இல் அதைத் திரும்பக் கட்டுவது பற்றிப் பேசிய சர்ச்சில், அரைவட்ட மண்டபம் வேண்டாம், எதிரெதிர் வரிசைகளே இரு கட்சி முறைக்குப் பொருத்தம் என்றார். அரைவட்டத்தில் ஒருவர் மெல்ல மெல்ல நகர்ந்து அணி மாறிவிடலாம். இங்கே நடுவிலுள்ள இடத்தைக் கடந்துதான் போக வேண்டும், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இரண்டு தடவை கடந்திருக்கிறேன் என்றார். எல்லாக் கட்சிகளும் சேர்ந்த அரசுக்குத் தலைமை வகித்துக்கொண்டே சொன்னார் இதை. 1950 அக்டோபரில் மண்டபம் திறந்தபோது ஆளும் வரிசையில் அட்லி, சர்ச்சில் எதிர்வரிசையில்.