வறண்ட மலைப்பகுதியில் கடினமான மவுண்டன் பைக் பாதையில் ஓட்டப் போகிறேன். எதற்குத் தயாராக வேண்டும்?

ஏற்றத்தை நினைத்துத்தான் பலரும் முதலில் பயப்படுவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்? வறண்ட மலையில் ஆளைச் சாய்ப்பது இறக்கமும் தாகமும்தான்.

அங்கே மண்ணைப் பிடித்துவைக்க ஈரமும் கிடையாது, வேரும் குறைவு. கெட்டித் தரை, அதன்மேல் பொடிக்கல். சிமென்ட் தரையில் கடுகைக் கொட்டி நடப்பது மாதிரி. நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தீர்களோ, ‘சர்ர்’ என்று ஒரு சத்தம், முன் சக்கரம் வெளிப்பக்கமாக ஓடிவிடும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உள்ளே போனபின் வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். வழியில் கிடக்கும் கல்லையே முறைத்துக்கொண்டிருந்தால் சைக்கிள் நேரே அதன்மேல்தான் போய் ஏறும்.

செங்குத்தான இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அளவோடு. ரொம்பப் பின்னால் போனால் முன் சக்கரத்தில் பாரம் இல்லாமல் போய்விடும். அப்புறம் திருப்பினாலும் திரும்பாது, பிரேக்கும் பிடிக்காது.

வெறும் பாறை என்றால் கதை வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லிக்ராக் பாதை முழுக்க மணற்பாறை. 1969-இல் மோட்டார் சைக்கிளுக்காகப் போட்ட பாதை அது. அந்த ஏற்றங்களை மிதித்துக் கடக்க வேண்டும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்! காய்ந்த மணற்பாறை டயரை நன்றாகவே பிடிக்கும். முதலில் கைவிடுவது தொடைதான்.

இப்போது தண்ணீர். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். ஹெல்மெட் வாரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படலாம். மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினாலும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டலும் குழப்பமும் வரும். கூடவே உப்பும் உள்ளே போகட்டும். கொண்டுபோனதில் பாதி தீர்ந்தும் பாதித் தூரம் வரவில்லை என்றால் திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 3,500 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவ்வளவு உயரம் என்றால் ஓரிரு நாள் முன்னதாகவே போய்த் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை டியூப்லெஸ் டயர் கட்டாயம் என்பேன், காரணம் முள். ஆனால் முள் குத்திய ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும். கிளம்பும் முன் டயரைக் குலுக்கிப் பாருங்கள், திரவம் அசையும் சத்தம் கேட்க வேண்டும். செயினுக்குப் பிசுபிசுப்பான எண்ணெய் வேண்டாம், புழுதி அப்பிக்கொள்ளும்.

உலர்ந்த ஓடையில் மணல் வந்தால் முன்கூட்டியே கியரைக் குறைத்து, ஹேண்டில்பாரை இறுக்காமல், விடாமல் மிதியுங்கள். நிழல் இருக்கிறதே என்று அங்கே உட்கார்ந்துவிட வேண்டாம், அதுவும் மேலே மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தால். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே அங்கே பெய்த மழை வெள்ளமாக வந்து சேர்ந்துவிடும். மேட்டில் ஏறி இளைப்பாறுங்கள்.