வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், போதாதா?

கேள்வி: எங்கள் நகராட்சியில் சொத்து வரி உயர்ந்துவிட்டது. தெருக்கோடியில் உள்ள நகராட்சி நடுநிலைப் பள்ளியில் கழிப்பறை பயன்படுத்தும் நிலையில் இல்லை. இப்போது ஊரின் எல்லையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்கிறார்கள்; அதை எதிர்த்து எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். கிராம சபை போல நகரத்தில் பகுதி மக்கள் கூடும் பகுதி சபாவுக்கு வந்து பேசும்படி சிலர் அழைக்கிறார்கள். வேலைக்குப் போய்வருகிற எங்களைப் போன்றவர்கள் அங்கே போய்ப் பேசி என்ன மாறிவிடப் போகிறது? வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், அது போதாதா?

— ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: போதாது. நீங்கள் சொல்லும் அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களே 2022இல் ஏமாந்து நின்றார்கள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

2011க்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஐந்தாண்டுக்கு மேல் நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் அதிகாரிகளே நடத்தினார்கள். இவ்வளவு காலம் காத்திருந்து வந்த அந்தத் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் வாக்களித்தவர்கள் 44 சதவீதம் பேர்கூட இல்லை. வாக்களித்தவர்களும் சொத்து வரியைப் பற்றி வேட்பாளர்களிடம் எத்தனை கேள்விகள் கேட்டிருப்பார்கள்? ஓட்டுப் பதிவு முடிந்து ஆறு வாரம் ஆவதற்குள், ஏப்ரல் தொடக்கத்தில், உயர்வு அறிவிக்கப்பட்டது: 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம் தொடங்கி 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் வரை, சென்னையின் பழைய பகுதிகளில் 50 முதல் 150 சதவீதம் வரை. மக்கள் அதிர்ந்துபோனார்கள்.

ஆனால் அது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த வரி அல்ல. 2018இலேயே உயர்த்தப்பட்டு, எதிர்ப்பு வந்து, 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்ட உயர்வு அது. சொத்து வரியை ஒழுங்காகத் திருத்தியமைக்கும் மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கே மானியம் என்ற, மத்திய வரிப் பணத்தைப் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆம் நிதிக் குழுவின் நிபந்தனையும் 2021 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டுவிட்டது. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வே நடக்கவில்லை என்பதால், எந்தக் கட்சி வென்றாலும் உயர்வு வந்தே தீரும் என்பது தெளிவாகத் தெரிந்த செய்தி. எந்த அளவு உயர்த்தலாம், சிறிய வீட்டுக்காரருக்கு என்ன சலுகை, கூடுதலாக வரும் பணம் எந்தப் பணிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் வாதிட்டிருக்க வேண்டிய காலம் பிரச்சார காலம். வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு வந்த வேட்பாளரிடம் அதைக் கேட்காமல் விட்டுவிட்டு, கேட்பு அறிவிப்பு கைக்கு வந்த பிறகு வரி வசூலிக்க வந்த ஊழியரிடம் கோபப்பட்டோம். அந்த ஊழியரால் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது.

வரி உயர்வையே தவறு என்று சொல்பவன் அல்ல நான். சொந்த வருமானம் இல்லாத நகராட்சி, சாக்கடை அடைப்பை எடுக்கவும் மாநில அரசின் கையை எதிர்பார்த்துத்தான் நிற்கும். ஆகவே கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். நூலக வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா வீதம் நூலகத்துக்காக வசூலிக்கப்படுகிறது. வசூலிக்கும் நகராட்சி அதை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் நகராட்சி அதை முழுவதும் ஒப்படைத்திருக்கிறதா, எந்த ஆண்டு வரை, பாக்கி எவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நகராட்சி அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். கேட்க ஆளில்லாத ஊரில் அந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழுவதில்லை.

அடுத்தது பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்கள் மாநிலம் முழுவதும் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான், உள்ளாட்சிப் பிரதிநிதியும் அதில் உறுப்பினர். உங்கள் தெருக்கோடிப் பள்ளியின் குழுவில் இருக்கும் தாய்மார்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்களில் பலர் காலையில் வேலைக்குப் போகிறவர்கள், தலைமை ஆசிரியரிடம் குரல் உயர்த்திப் பேசப் பழகாதவர்கள். படித்தவர், கணக்கு வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அவர்களின் பேச்சுக்கு வலுக் கூடும். உங்கள் பிள்ளை அங்கே படிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. படிக்காவிட்டாலும் அது உங்கள் வரிப் பணத்தில் நிற்கும் பள்ளி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காந்தி ஜெயந்தி அன்று ஒரு கிராம சபைக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்குக் கீழே நூறுநாள் வேலைக்குச் செல்லும் பெண்கள்தான் பெரும்பாலும் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டு போனார். பள்ளிக் குடிநீர் என்ற இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் எழுந்தார். கையில் பேத்தியின் பழைய நாற்பது பக்க நோட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பள்ளியில் மோட்டார் ஓடாத நாட்களைத் தேதி தேதியாக அதில் எழுதிவைத்திருந்தார். எண்ணிச் சொன்னார், 23 நாட்கள். மோட்டார் பள்ளிக்குச் சேர்ந்தது என்றார் செயலர். பராமரிப்பு ஊராட்சியின் பொறுப்பு என்றார் தலைமை ஆசிரியர். அலுவலகம் அலுவலகமாக அலைந்திருந்தால் அந்த அம்மாவை இவரிடம் அவரும் அவரிடம் இவரும் ஆறு மாதம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பந்தலுக்குக் கீழே, ஊர் பார்க்க உட்கார்ந்திருந்ததால் தட்டிக்கழிக்க வழியில்லாமல் போயிற்று. அரசு அனுப்பியிருந்த பற்றாளர் தலையிட்டு, செலவை ஊராட்சி ஏற்கட்டும் என்றார். “பள்ளியில் குடிநீர் வசதி மேம்படுத்தப்படும்” என்று செயலர் எழுதத் தொடங்கினார். அந்த அம்மா விடவில்லை. “மேம்படுத்தப்படும்னு எழுதாதீங்க சார். என்னைக்குள்ளன்னு தேதி போட்டு எழுதுங்க” என்றார். தேதி ஏறிய பிறகுதான் உட்கார்ந்தார். அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கிராமத்தில் அந்தப் பந்தல் செய்வதை நகரத்தில் செய்ய வேண்டியதுதான் பகுதி சபா. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியில் வந்த ஏற்பாடு, தமிழ்நாட்டில் 2022இல்தான் விதிகள் வகுக்கப்பட்டு உயிர்பெற்றது. உங்கள் மாவட்டத்திலேயே, பம்மலில், 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சரே ஒரு பகுதி சபாவில் கலந்துகொண்டார். அதில் குறைகள் உண்டு. அதன் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். கவுன்சிலருக்கு வேண்டியவர்களே முன்வரிசையில் அமர்வதற்கு அது வழி செய்கிறது. தீர்மானம் நிறைவேற்றிய மாத்திரத்தில் அரசு பணிந்துவிடும் என்றும் நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை எத்தனை முறை தீர்மானம் நிறைவேற்றியது, அதற்குப் பிறகும் நிலம் எடுக்கும் பணி நடந்தது என்பதை நாடே அறியும். இருந்தாலும் மோட்டார், கழிப்பறை, நூலக வரிப் பாக்கி போன்றவை ஏகனாபுரத்து மக்கள் சந்தித்த மலை போன்ற எதிர்ப்பைச் சந்திப்பவை அல்ல. கேட்க ஆள் வராததால் மட்டுமே கிடப்பில் கிடப்பவை. அந்தக் கூட்டம் காலியாக இருந்தால் கவுன்சிலரின் ஆட்கள் பேசியதே பகுதி மக்களின் கருத்து என்று பதிவேட்டில் ஏறும். நீங்கள் வராமல் போனதும் அங்கே உங்கள் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இனி உங்கள் சங்கத்தின் கையெழுத்து வேட்டைக்கு வருகிறேன். இதில் நான் உங்களோடு முழுவதும் முரண்படுகிறேன். வேலை நாளில் பகுதி சபாவுக்கு வர நேரமில்லாத சங்கத்துக்கு, ஏழைகள் குடிவருவதைத் தடுக்க வீடு வீடாகப் போக நேரம் இருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்குச் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டன. செம்மஞ்சேரியில் மட்டும் 6,764 வீடுகள். கூவம் கரையில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் எறியப்பட்டு வேலையை இழந்தார்கள். கல்வி ஆண்டின் நடுவே பெயர்க்கப்பட்ட குழந்தைகள் பள்ளியை இழந்தார்கள். எங்கே போகிறோம், அங்கே பள்ளி இருக்கிறதா, பேருந்து வருமா என்று அவர்களிடம் எந்தச் சபையும் முறையாகக் கேட்கவில்லை. வீட்டை மட்டும் கட்டிவிட்டு மற்றதையெல்லாம் மறந்த திட்டம் என்ன செய்யும் என்பதற்கு அந்த மூன்று இடங்களே சாட்சி.

ஆகவே குடியிருப்பு வரக்கூடாது என்று எழுதியிருக்கும் அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். கட்டப்படும் இடம் நீர்நிலையாக இருந்தால் எதிர்ப்பதற்கு முழு நியாயம் உண்டு, ஏனென்றால் முதல் வெள்ளத்தில் மூழ்கப்போவது அங்கே குடிவருகிறவர்கள்தான். அப்படி இல்லையென்றால், எத்தனை வீடுகள், அத்தனை குழந்தைகளுக்கு உங்கள் நடுநிலைப் பள்ளியில் வகுப்பறை இருக்கிறதா, அங்கன்வாடி எங்கே, கழிவுநீர் எந்தக் குழாயில் சேரும், எந்தப் பேருந்து உள்ளே வரும் என்று கேளுங்கள். இவற்றைக் கேட்டுப் பெறுவதால் உங்களுக்கும் பயன், வருகிறவர்களுக்கும் பயன். உங்கள் சங்கத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களைச் சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள். பல ஊர்களில் நலச் சங்கம் என்பது சொந்த வீடு வைத்திருப்பவர்களின் சங்கமாகவே இருக்கிறது. பகுதி சபாவில் அந்தப் பாகுபாடு கிடையாது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். வீட்டுக்காரர் கட்டும் வரி உயர்வு வாடகையாக இறங்குவது அவர்கள் தலையில்தான் என்பதால், வரியைப் பற்றிப் பேச அவர்களுக்கும் சம உரிமை இருக்கிறது.

கூட்டம் எப்போது என்று நகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். போகும்போது வரி ரசீதையும், பள்ளிக் கழிப்பறையின் படங்களையும், அவை எடுக்கப்பட்ட தேதியோடு, கொண்டு செல்லுங்கள். அதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியைப் போய்ப் பாருங்கள், அவர் வீடு உங்கள் தெருவிலிருந்து தொலைவில் இருக்காது. முதலில் அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சொன்னது சொன்னபடி பதிவேட்டில் ஏறும் வரை இருவரும் இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். தீர்மானத்தின் நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். வாங்கியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கழிப்பறைக்குத் தேதி குறித்திருக்கிறார்களா, ‘மேம்படுத்தப்படும்’ என்று முடித்துவிட்டார்களா என்பதை இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.