தினம் ஒரு குட்டிக்கதை: நாலே நாளில் ஏன் நின்றுபோகிறது?

மியான்மரின் யாங்கூனில் இருந்துகொண்டு தினமும் ஒரு கதை எழுதத் தொடங்கினேன், நாலாம் நாளே நின்றுவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை, அளவுதான். 150 சொல், 20 நிமிடம் போதும். கரண்ட் போகிற ஊர், நோட்டிலேயே எழுதுங்கள்.

கருவைத் தேடி அலையாதீர்கள். ஓர் ஆள், அவருக்கு இந்த நிமிடம் வேண்டியது, அதற்குக் குறுக்கே நிற்பது, அவ்வளவுதான். உதாரணத்துக்கு, ஊரைச் சுற்றிவரும் சுற்று ரயிலில் வெற்றிலை விற்கும் அம்மாவிடம் சில்லறை இல்லை. வாங்கியவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கப்போகிறார். வண்டி வேகம் குறையும்போது முதல் வரியைத் தொடங்குங்கள். விடிந்தது, மழை பெய்தது என்று ஆரம்பித்தால் பாதிச் சொற்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

எழுதிய அன்றே திருத்த உட்காராதீர்கள், நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஏழில் ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வரியை மாற்றுங்கள். எழுதும்போது நடுவே பர்மியச் சொல் முந்திக்கொண்டு வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அதையும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.