அரசின் ஆன்லைன் சேவைகளை மாற்றுத்திறனாளிகள் தாங்களே பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்?

"எல்லாம்தான் ஆன்லைனுக்கு வந்துவிட்டதே, இன்னும் என்ன சிரமம்?" என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். அந்தச் சிரமம் இருப்பதால்தான் என் கடை ஓடுகிறது. வீட்டிலிருந்தே முடிக்க முடிந்த வேலைக்கு யார் எனக்குக் காசு கொடுக்கப் போகிறார்கள்?

என்னிடம் வரும் வாத்தியார் ஒருவருக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக் என்று திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்களோடு வாழ்பவர், தட்டச்சில் என்னைவிட வேகம். ஆனாலும் வருவார், உள்ளே வருவது மனிதர்தானா என்று தளம் சோதிக்கும் கேப்ட்சாவுக்காக. வளைந்து நெளிந்த எழுத்துப் படம் மட்டும் இருக்கும், காதால் கேட்க வழி இருக்காது. சில தளங்களில் பிறந்த தேதியை அடிக்கவே விடாது, நாள்காட்டியில் மவுஸால்தான் அமுக்க வேண்டும். பொத்தான்களுக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். மென்பொருள் "பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். எது 'சமர்ப்பி', எது 'ரத்து செய்' என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

கடைசியில் ஆதார் எண், ஓடிபி எல்லாம் என் கைக்கு வருகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அவருக்கு மட்டும் சொல்லாமல் காரியம் நடக்காது. நான் யோக்கியனாக இருந்தால் அவர் தப்பித்தார், அவ்வளவுதான். "உதவிக்குத்தான் ஆள் இருக்கிறார்களே" என்கிற அதிகாரிகள் இதை யோசிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், அடுத்தவரிடம் ஓடிபி கொடுக்காமல் ஒருவர் விண்ணப்பத்தை முடிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. மற்றதெல்லாம் அப்புறம்.

அரசாணைகளின் கதை தனி. பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். அது வெறும் படம், மென்பொருளுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு இல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழோ மலையாளமோ தெரியும், காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் விழும். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை நிரலில் குறிப்பது ஒரு சொல் வேலை. அதை விட்டுவிட்டால் மலையாளப் பக்கத்தை ஆங்கிலக் குரல் வாசிக்கத் தொடங்கும், சில சமயம் வாயே திறக்காது. இரண்டு மொழியில் புழங்கும் எங்கள் ஊர்ப் பக்கம் இது தினப்படித் தொல்லை.

காது கேளாதவர்களுக்கு ஓடிபி சிக்கல் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்தான் சிக்கல்: "விவரத்துக்கு இந்த எண்ணை அழைக்கவும்." எழுதிக் கேட்க ஒரு பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் இடத்தில் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது செயலி. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் எதைச் சிமிட்டுவது? இதை எதிர்த்து அவர்கள் போட்ட வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 20 உத்தரவுகள் போட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி வசதி செய்யச் சொல்லும் அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விட முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள், இணையதளம், செயலி போன்றவற்றின் அணுகல் வசதிக்கான ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயம் எல்லாம் இருக்கின்றன. ஆக, சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லைக்காரர்களுக்காக ஒரு தகவல். பொள்ளாச்சியிலிருந்து இங்கே வாழ வந்த பெண்ணிடம், "தமிழ்நாட்டு ஊனச் சான்றிதழ் செல்லாது, புதிதாக எடுங்கள்" என்று சொன்ன அலுவலகம் உண்டு. அதே 2016 சட்டத்தின் 58ஆவது பிரிவுப்படி அந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். ஓய்வூதியத் திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதற்குக் குடியிருப்புச் சான்று கேட்கலாம். ஆனால் ஊனத்தை மறுபடி நிரூபிக்கச் சொல்லக் கூடாது. யுடிஐடி என்ற, நாடு முழுக்கப் பொதுவான மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டால் இந்த வாக்குவாதம் குறையும்.

சரி, என்ன செய்யலாம்? தளம் முடிந்தபிறகு 'அணுகல் வசதி' என்று மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் ஒட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க உலாவியே போதும். ஒப்பந்தம் போடும்போதே ஐஎஸ் 17802ஐ நிபந்தனையாக எழுதட்டும். கடைசித் தவணைப் பணத்தை விடுவிப்பதற்கு முன் பார்வையற்ற ஒருவர், காது கேளாத ஒருவர், கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாத ஒருவர் என்று கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, ஆளுக்கொரு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் ரசீது வரை முடிக்கச் சொல்லட்டும். யாராவது பாதியில் நின்றால் பில் பாஸ் ஆகக் கூடாது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இதே விதிதான், ஏனென்றால் நேற்று வேலை செய்த பக்கம் ஒரே அப்டேட்டில் கெட்டுப்போவதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கடி பார்க்கிறேன்.