டீசல் எஸ்டேட் கார் நிஜத்தில் எவ்வளவு மைலேஜ் தரும்?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் 2014 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட், 1.6 டீசல், பழைய வண்டியாக வாங்கப் போகிறார். விளம்பரத்தில் கேலனுக்கு 74 மைல் என்று போட்டிருக்கிறதே, கிடைக்குமா என்கிறார்.

கிடைக்காது. 55லிருந்து 60 வரை எதிர்பார்க்கலாம், அதுவும் வேலைக்குப் போய்வர ஒரு வழிக்கு 25 மைல் என்று நீங்களே சொல்லியிருப்பதால்.

இதே வண்டி, இதே எஞ்சின், ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது. வீடு லண்டனுக்கு வடக்கே மில்டன் கீன்ஸில். எஸ்டேட் கார் வாங்கியிருக்கிறேன் என்று ஊருக்குப் போன் செய்தபோது மாமா "எங்கே, ஊட்டியிலா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை மாமா, கூரை கடைசிவரை நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் கார், அவ்வளவுதான் என்று விளக்கினேன். கட்டிலைத் தவிர மற்றதெல்லாம் ஏறிவிடும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், டேங்கை ஒவ்வொரு முறையும் முழுக்க நிரப்பி, மைல் கணக்கைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை எத்தனை லிட்டர் பிடித்தது என்று ஒரு நோட்டில் எழுதுவேன். மனைவிக்கு இதில் மகா எரிச்சல். ஆனால் டாஷ்போர்டில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன்: 548 மைல் ஓடியபின் 43.2 லிட்டர் பிடித்தது. கணக்குப் போட்டால் கேலனுக்கு 57.7 மைல், நம்மூர்க் கணக்கில் லிட்டருக்கு 20.4 கிலோமீட்டர். டாஷ்போர்டு காட்டியது 61.4. என் வண்டி எப்போதும் ஐந்தாறு சதவீதம் கூட்டித்தான் சொல்லும். இணையத்தில் அமெரிக்கக்காரர்கள் எழுதுவதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், அவர்கள் கேலன் 3.785 லிட்டர், இங்கே 4.546.

சரி, 74 எங்கிருந்து வந்தது? அது பொய் இல்லை, வேறொரு பரீட்சையின் மார்க். அந்தக் காலத்து ஐரோப்பியச் சோதனை ஆய்வகத்தில் உருளைமேல் நடக்கும்: மொத்தம் 11 கிலோமீட்டர், 20 நிமிடம், சராசரி வேகம் 34 கிலோமீட்டர்; ஏசி கிடையாது, உச்ச வேகமான 120ஐத் தொட்டுப் பத்து விநாடியில் இறங்கிவிடும். அப்படி நானும் நீங்களும் எங்கே ஓட்டுகிறோம்? அதோடு, ஒரு கிலோமீட்டருக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல் கரியமில வாயு விட்டால் அப்போது இங்கே சாலை வரியே இல்லை. இந்த வண்டியின் எண் 99 கிராம். அந்த எல்லைக்குள் வர எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். (அந்தச் சலுகையும் 2025 ஏப்ரலோடு போயிற்று, அப்போது வைத்த வரி வருடத்துக்கு 20 பவுண்டு.) 2017 செப்டம்பரிலிருந்து புது மாடல்களுக்குச் சோதனையை மாற்றினார்கள், இப்போது 23 கிலோமீட்டர், அரை மணி நேரம். அப்படியும் நிஜச் சாலையில் செலவு கூடுதலாகத்தான் வருகிறது.

இப்போது என் நோட்டு. கோடையில் எம்1 சாலையில் மணிக்கு 70 மைல் பிடித்து, தனியாகப் போனால் 58, 60. ஒரே ஒருமுறை, அவசரமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, 60 மைல் வேகத்தில் லாரிகளை ஒட்டியே போனேன், 66 வந்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 60க்கும் 70க்கும் நடுவே அது 36 சதவீதம் கூடுகிறது. இத்தனைக்கும் நூறு மைலில் நாம் மிச்சம்பிடிக்கும் நேரம் 14 நிமிடம்தான். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அப்புறம் நான் 60இல் போனதில்லை. போரடிக்கிறது.

குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் வரை போனபோது கூரைமேல் பெட்டி மாட்டினோம்: 49. நாலு பேர், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்ந்த கனத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருமுறை அதே கனத்தை டிக்கியிலேயே திணித்துக்கொண்டு பெட்டியில்லாமல் போனால் 56 வந்தது. சமவெளி நெடுஞ்சாலையில் கனம் பெரிதாகத் தின்பதில்லை, காற்றில் துருத்திக்கொண்டு நிற்பதுதான் தின்கிறது. எஸ்டேட் வாங்குவதே கூரைப்பெட்டி வேண்டாம் என்பதற்குத்தான், இது எனக்குப் பெட்டி வாங்கியபிறகு உறைத்தது.

எல்லாவற்றையும்விட மோசம் ஜனவரி மாதப் பள்ளிக்கூட ஓட்டம். மூன்று மைல் போய், மூன்று மைல் திரும்பி, எஞ்சின் சூடாவதற்குள் அணைத்து... அந்த டேங்க் 41இல் வந்து நின்றது. டீசல் எஞ்சின் வீணாக்கும் வெப்பம் குறைவு, அதனாலேயே குளிரில் சூடாக நேரம் பிடிக்கும். போதாக்குறைக்குப் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி. சில நூறு மைலுக்கு ஒருமுறை அது கூடுதல் டீசலைச் செலவழித்து, புகைக்குழாயை 600 டிகிரி வாக்கில் சூடாக்கிக் கரியை எரிக்கும். நின்றிருக்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக உறுமினால், அணைத்தபின்னும் விசிறி ஓடினால், அது நடக்கிறது என்று அர்த்தம். பாதியில் அணைத்தால் வேலை முடியாது, மறுபடி முதலிலிருந்து. இப்படியே பல வாரம் செய்து எனக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு கேரேஜில் காட்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டும், ஆயிரம் பவுண்டுக்குமேல் ஆகும் என்றார்கள். வண்டியின் கையேட்டை எடுத்துப் படித்தேன், அதில் சொன்னபடி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விட்டு ஓட்டினேன், விளக்கு அணைந்துவிட்டது. அந்த கேரேஜுக்கு அப்புறம் நான் போகவில்லை.

இன்னொன்று, மைலேஜில் சேராத செலவு. 2014 மாடலில் இந்த 105 குதிரைசக்தி எஞ்சின் யூரோ 5, அதாவது ஐரோப்பாவின் பழைய புகை வரம்பு; அடுத்து வந்த கடுமையான வரம்பு யூரோ 6. யூரோ 6 இல்லாத டீசல் வண்டி லண்டனுக்குள் போனால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம். 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க அப்படித்தான். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் போய்ச் சாமி கும்பிட்டு, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வர எனக்கு 120 மைல், டீசல் 13 பவுண்டு சொச்சம். கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கட்டணமும். மாதம் நாலு முறை லண்டன் போகிற ஆள் என்றால் யூரோ 6 வண்டியாகத் தேடுங்கள், 58 மைல் கணக்கெல்லாம் அங்கே எடுபடாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது டாஷ்போர்டில் நீண்டகாலச் சராசரி என்று ஒன்று இருக்கும், விற்பவர் அழிக்காமல் இருந்தால் அதைப் பாருங்கள். 55க்கு மேல் இருந்தால் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி, பயமில்லை. 45க்குக் கீழே இருந்தால் ஊருக்குள்ளேயே சுற்றியிருக்கிறது, டிபிஎஃப் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.