ஸ்விஃப்ட் டீசலுக்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் எடுக்குறப்ப என்ன பாக்கணும்?

இன்ஜின் சீஸ் ஆயிருச்சு, சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா எடுக்கலாம், ஆனா 1.3 டீசல்னு சொன்னதும் அட்வான்ஸ் குடுத்துறாதீங்க. அந்த 1248 சிசி ஃபியட் இன்ஜின் ஸ்விஃப்ட்லயும் வந்துச்சு, இண்டிகா விஸ்டாலயும் வந்துச்சு, புன்ட்டோலயும் வந்துச்சு. மாருதிலயே பவர்ல 75 PS, 90 PSனு ரெண்டு இருக்கு, 90ல டர்போவே வேற (விஜிடி, அதாவது வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ), உங்க பழைய ஈசிஎம்முக்கு (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) அதை கன்ட்ரோல் பண்ணத் தெரியாது. அதனால உங்க வண்டி மாடல், பிஎஸ்3ஆ பிஎஸ்4ஆ (பாரத் ஸ்டேஜ் புகை விதி)னு பாத்து, அதே மாதிரி இருக்குறதையே தேடுங்க.

கடைக்காரர் சொல்ற கிலோமீட்டர நம்பாதீங்க, மீட்டர் வண்டியோட போயிருச்சு. ஆயில் மூடிய திறந்து உள்பக்கம் பாருங்க, வெள்ளையா மயோனைஸ் மாதிரி ஒட்டியிருந்தா தண்ணி கலந்திருக்க வாய்ப்பிருக்கு, விட்ருங்க. டர்போ ஷாஃப்ட்ட விரலால ஆட்டுங்க, லேசா ஆட்டம் சகஜம், டர்போ உள்ள இருக்குற வீல் ஓரத்துல உரசுனா வேண்டாம். முக்கியமா கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) செக் பண்ணச் சொல்லுங்க, நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனா சூடாகாத இன்ஜின்ல காட்டச் சொல்லுங்க, டைமிங் செயின் சத்தம் அப்பத்தான் நல்லா கேக்கும்.

இன்ஜின் நம்பர தேய்ச்சு மறுபடி பஞ்ச் பண்ணியிருந்தா பாதி விலைக்கு குடுத்தாலும் தொடாதீங்க, திருட்டு வண்டியோடதா இருக்கலாம். பில்லும் அந்த இன்ஜின் முன்னாடி இருந்த வண்டியோட ஆர்சி காப்பியும் வாங்கிட்டு, மாத்துறதுக்கு முன்னாடியே ஆர்டிஓல அனுமதி வாங்குங்க, உங்க ஆர்சில புது இன்ஜின் நம்பர் ஏறுனதும் இன்சூரன்ஸ்லயும் மாத்திருங்க.