வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: சூட்டில் சுருங்கும் கம்பி ஏன் சோர்ந்தது?

கேள்வி: புத்தக அலமாரிக்கு மின்சாரப் பூட்டு செய்திருக்கிறேன். 0.15 மி.மீ. நிட்டினால் (சூட்டில் சுருங்கும் நிக்கல்–டைட்டானியம் கலவை) கம்பி, 20 செ.மீ. நீளம், 5 வோல்ட் அடாப்டர். கதவு திறந்திருக்கும்வரை கரண்ட் ஓடும். ஒரு வாரம் நன்றாக இழுத்தது. இப்போது பாதி தூரம்கூட வரவில்லை. பற்றவைத்த முனையும் கழன்றுவிட்டது.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கம்பி வெந்துபோய்விட்டது. இந்தத் தடிமனுக்கு மீட்டருக்குச் சுமார் 55 ஓம். உங்கள் துண்டுக்கு 11 ஓம். 5 வோல்ட்டில் 450 மில்லியாம்பியர் பாயும். ஒரு நொடியில் சுருங்க 410 மில்லியாம்பியர் போதும். நிமிடக்கணக்கில் விட்டால் சூடு ஏறி, பழைய நீளத்தின் நினைவையே உலோகம் இழக்கும். இதே கம்பி இனித் தேறாது, புதிது போடுங்கள்.

பூட்டிப் பிடிக்கும் வேலை ஸ்பிரிங்குடையது. திறக்கும் அந்த ஒரு நொடி மட்டும் கம்பி இழுக்கட்டும். தாழ்நாக்கின் முனையைச் சரிவாகச் சீவிவிட்டால், கதவைச் சாத்தும்போது தானே பூட்டிக்கொள்ளும். நாக்கு பின்வாங்கியதை மைக்ரோ சுவிட்ச் சொன்னதும் கன்ட்ரோலர் மாஸ்ஃபெட்டை (கம்பிக்குப் போகும் கரண்டை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்ச்) அணைக்க வேண்டும். சுவிட்சைக் கம்பியோடு நேராகத் தொடரில் போடாதீர்கள். விட்டு விட்டு இழுத்துத் துடிக்கும்.

நிட்டினாலுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இது இழுப்பது சுமார் 320 கிராம். ஆறியபின் மீண்டும் நீள, ஸ்பிரிங் 130 கிராமாவது இழுக்க வேண்டும். பேனா ஸ்பிரிங்கை நம்பி ஏமாறாதீர்கள், தராசில் மாட்டி அளந்து பாருங்கள். 4 சதவீதம் சுருங்கினால் 8 மி.மீ. கிடைக்கும், 6 மி.மீ.க்குள் முடித்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும்.

முனை கழன்றதற்குக் காரணம் டைட்டானியம் ஆக்சைடு படலம். ஈயம் முத்து முத்தாகத் திரண்டு உருண்டுவிடும், ஒட்டாது. முனையை உப்புத்தாளால் தேய்த்து, மடித்து, சிறு பித்தளைக் குழலுக்குள் விட்டு கிரிம்பிங் பிளையரால் நசுக்குங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். கம்பி அதைத் தொடும் இடத்தில் சூடு தாங்கும் டெஃப்லான் குழாய் கட்டாயம்.

கேள்வி: 2 மி.மீ. நகரும் நியூமாடிக் (காற்றழுத்த) சிலிண்டருக்குப் பதில் பீசோ அடுக்கு (மின்சாரம் கொடுத்தால் நீளும் பீங்கான் தகடுகளின் அடுக்கு) வைக்கலாமா?
– வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: முடியாது. பீசோ அடுக்கு தன் நீளத்தில் சுமார் 0.1 சதவீதம்தான் நீளும். 20 மி.மீ. அடுக்கு தருவது 20 மைக்ரான், 2 மி.மீ.க்கு இரண்டு மீட்டர் அடுக்கு வேண்டும்! உங்களுக்கு ஏற்றது வாய்ஸ் காயில், அதாவது கரண்ட் பாய்ந்ததும் காந்தப்புலத்தில் நகரும் கம்பிச் சுருள். பீசோவின் இடம் டீசல் இன்ஜெக்டர் வால்வு போன்ற நுண்ணிய, வேகமான அசைவு. அங்கும் ஸ்பிரிங்கால் முன்னழுத்தம் கொடுத்தே பொருத்துவார்கள். இழுவிசை பட்டால் பீங்கான் விரிசல் விடும்.